எங்கள் இடத்தில் சரியாகத்தான் ஓடுகிறது

செந்தேரியில் அன்று காலை எட்டுப் பேர் இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடந்தார்கள். யாரும் பதறவில்லை. ஒருவர் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். இன்னொருவர் பையிலிருந்த கண்ணாடியைச் சுவரில் ஒட்டிவிட்டு முகம் மழிக்கத் தொடங்கினார். மூலையில் இரண்டு வீட்டார், நேற்றுக் கதவு திறந்ததால் பாதியில் நின்றுபோன கல்யாணப் பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். கதவு திறக்கப் பதினோரு நிமிடம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜெயக்கொடி மட்டும் கதவைக் காலால் உதைத்தாள்.

"தொறந்து தொலையேன், சனியனே!"

"யக்கா, அங்கன ஒதைக்கக் கூடாது. கீழ் மூலையில ஒதைக்கணும்" என்றாள் இசக்கியம்மா. சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுகிறவள். "முந்தாநாள் நான் ஒரு ஒத விட்டேன். சட்டுனு தொறந்துச்சு."

"அதெல்லாம் சும்மா" என்றார் முகம் மழித்துக்கொண்டிருந்தவர், பாதிக் கன்னம் நுரையோடு. "வலது கால வச்சு உள்ள வரணும். எவனாவது இடது கால வச்சிருப்பான்."

ஜெயக்கொடி தன் கூடையின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்த ஆமவடைகள் வியர்த்திருந்தன. கால் மணிக்கு முன் எண்ணெயிலிருந்து எடுக்கும்போது தட்டினால் ஓசை வந்த வடைகள். இப்போது விரல் வைத்தால் விரல் பதிந்தது.

செந்தேரி செவ்வாய்க் கோளின் மண்ணுக்கடியில் குடைந்த ஊர். முதலில் வந்து இறங்கியவர்கள் திருச்செந்தூர்ப் பக்கத்தவர்கள். வெளியே பரந்து கிடந்த சிவந்த மணலைப் பார்த்ததும், நம்ம தேரிக்காடுதான் இது என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊரின் ஒரு முனையில் வீடுகள், மறு முனையில் சுரங்கம். வீட்டுப் பக்கம் காற்றழுத்தம் கூடுதல், சுரங்கப் பக்கம் குறைவு. நடுவில் ஒரே கதவு இருந்தால் திறந்த மாத்திரத்தில் புயல்தான். அதனால் இரண்டு கதவுகளும் இடையில் ஒரு சிறு அறையும். உள்ளே போனதும் பின்கதவு மூடிக்கொள்ளும். அறையின் அழுத்தம் மெல்ல மெல்ல மறுபக்கத்தோடு சமமாகும். சமமானதும் முன்கதவு திறக்கும். பொறியாளர்கள் அதைச் சமன் அறை என்றார்கள். ஊரார் பூட்டு என்றார்கள்.

பத்து நொடியில் முடிய வேண்டிய வேலை. நடுப்பகலில் போனால் பத்து நொடியில்தான் முடியும். வேலை மாறும் நேரத்தில் மட்டும் சண்டித்தனம்.

ஜெயக்கொடி சுரங்க வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வடையை எடுத்து இரண்டாகப் பிட்டார். அது பிளக்கவில்லை, வளைந்தது.

"என்னம்மா இது, வடையா, ஈரத்துணியா?"

"பூட்டுல மாட்டிக்கிட்டேன் அண்ணாச்சி."

"தெனமும் இதே கதயத்தான் சொல்லுத. பயலுவ பிதுக்குணவு கேக்கானுவ. குழாயத் தெறந்து வாயில பிதுக்குனா முடிஞ்சுது. நமக்கும் தலவலி இல்ல. இந்த மாசம் முடியட்டும், பாப்போம்."

பாப்போம் என்றால் என்ன பொருள் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். சுரங்கத்துக்குப் பலகாரம் கொடுப்பது நின்றால் கடையை மூட வேண்டியதுதான். கடையை மூடினால் பழையபடி பாசித் தொட்டி. செந்தேரிக்கு எண்ணெய் தரும் பச்சைப் பாசி வளரும் தொட்டிகளை எட்டு வருடம் உள்ளே இறங்கித் தேய்த்துவிட்டுத்தான் அவள் இந்தக் கடையைப் போட்டாள். அந்தப் பாசி வாடை போக ஒரு வருடம் ஆயிற்று. வடை சுடுவதும் இங்கே லேசான காரியமில்லை. செவ்வாயில் எல்லாம் பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதலான எடைதான். எண்ணெய்க்குள் குமிழிகள்கூடச் சோம்பலாகத்தான் மேலே வரும். வடையைச் சுற்றி ஆவி தேங்கி நிற்கும். சட்டியையே சுழல வைத்து அந்த ஆவியை விரட்ட அவளாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அப்படிப் பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பை ஒரு கதவு தின்றுகொண்டிருந்தது.

அன்றே அவள் மன்றில் ஏறினாள்.

மன்று என்ன என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கு முதலில் வந்தவர்கள் நிறுவனங்களின் கணினி நிரல்களை நம்பித்தான் வந்தார்கள். அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டாத நிரல்கள் அப்படியே அனாதையாக நின்றன. பழுது வந்தால் திறந்து பார்க்கக்கூட வழியில்லை. அதன் பிறகு எல்லா ஊர்களும் கூடி முடிவெடுத்தன: காற்று, தண்ணீர், கதவு, இவற்றை நடத்தும் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருக்க வேண்டும். அதுதான் கூட்டுநிரல். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் திட்டலாம். கடைசி இரண்டையும் மக்கள் ஒரு குறையும் வைக்காமல் செய்தார்கள். திட்டுவதற்கான இடம்தான் மன்று.

பூட்டு நிரலின் பக்கத்தில் செவ்வாயின் நாற்பது ஊர்களிலிருந்தும் புகார்கள் குவிந்து கிடந்தன. பெரும்பாலும் ஒரே வாசகம். "பூட்டு சரியில்லை. ஒன்றுக்கும் உதவாத நிரல்." சிலர் நிரலை எழுதியவரின் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் நிரலின் காப்பாளர் ஞானதிரவியம் என்பவர் பொறுமையாக அதே மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தார். என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை.

ஜெயக்கொடி எழுதினாள்.

"என்ன செய்தீர்கள்: உள்ளே போனேன். என்ன எதிர்பார்த்தீர்கள்: வெளியே வருவேன் என்று. என்ன நடந்தது: வடை நமத்துப் போச்சு."

சிறிது நேரத்தில் பதில் வந்தது.

"விவரங்களுக்கு நன்றி. உடனே சோதித்தேன். எங்கள் இடத்தில் சரியாகத்தான் ஓடுகிறது. பூட்டு நிரல் வடையைத் தொடுவதில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

இரண்டாவது வரியைப் படித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஞானதிரவியத்தின் இடம் எது என்று பார்த்தாள். ஃபோபோஸ். செவ்வாயைச் சுற்றும் சின்ன நிலவு. அங்கே ஒரு வழிகாட்டு நிலையம் உண்டு. தாது ஏற்றிப் போகும் ஓடம் மாதத்துக்கு ஒரு முறை அங்கே நின்றுவிட்டுப் போகும்.

"அண்ணாச்சி, தாது ஓடத்துல எனக்கு ஒரு எடம் வேணும்" என்று கையில் ஒரு டப்பா வடையோடு சொரிமுத்துவிடம் போய் நின்றாள்.

"எதுக்கு?"

"அவரு இடத்துல சரியாத்தான் ஓடுதாம். அது என்ன அப்பேர்ப்பட்ட இடம்னு பாத்துட்டு வாரேன்."

"சண்ட போடவா போற? பொறவு எதுக்கு டப்பாவுல வட?"

"சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோட ஒருத்தர் வீட்டுக்குப் போக முடியுமா? என்ன பேசுதீய நீங்க!"

ஞானதிரவியத்துக்கு ஒரு மனிதர் வருகிறார் என்ற செய்தி ஓடம் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அவர் அந்த நிலையத்துக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஓடங்கள் வந்திருக்கின்றன, சரக்கை இயந்திரக் கைகள் இறக்கியிருக்கின்றன, ஆள் என்று ஒருவரும் இறங்கியதில்லை. அவர் சட்டையை மாற்றினார். தலையைச் சீவினார். பிறகு, வருகிறவரை வாசல் வரை போய் அழைக்க வேண்டாமா என்று தோன்றவே, உள்கதவைத் தாண்டிப் பூட்டுக்குள்ளேயே போய் நின்றுகொண்டார்.

ஓடம் வந்து நிலையத்தோடு காற்றுப் புகாமல் பொருந்தி நின்றதும் வெளிக்கதவு திறந்தது. ஓட்டுநர் ஓடத்திலேயே இருந்துகொள்ள, ஜெயக்கொடி மட்டும் உள்ளே வந்தாள். ஃபோபோஸில் எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கொக்கிச் செருப்பு போட்டுத் தரைக் கம்பிகளில் மாட்டி மாட்டித்தான் நடக்க வேண்டும். நாற்பதை நெருங்கும் ஒரு பெண், ஒரு கையால் டப்பாவை அணைத்துக்கொண்டு, வாத்துபோல நடந்து, கோபமாக வருவதை அவர் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தார். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"வாங்க, வாங்க. நாந்தான் திரவியம். பத்தே நொடி. இப்பத் தொறந்துரும் பாருங்க."

பத்து நொடி ஆயிற்று. பிறகு அரை நிமிடம். பிறகு ஒரு நிமிடம். கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது.

வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட ஜெயக்கொடிக்குத் தேவைப்படவில்லை. முகம் மலர்ந்து கேட்டாள்.

"என்ன சார், ஒங்க இடத்துல சரியாத்தான் ஓடுதோ?"

அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்களோ விரிந்துகொண்டே போயின.

"நிக்குது! ஏம்மா, நிக்குது! எத்தன வருசமா இதத் தேடுதேன் தெரியுமா? ஒரு நாளும் எங்கிட்ட அகப்படலயே!"

அவர் குதித்ததில் செருப்பின் கொக்கி கழன்று, மெதுவாக மேலே போய்க் கூரையில் தலை முட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினார். இறங்கும்போதே சுவரிலிருந்த அழுத்தமானியின் திரையைத் தட்டிப் பார்த்தார். வழக்கமாக ஒரே சீராக ஏறி இறங்கும் கோடு இன்று கொசகொசவென்று கிடந்தது.

"ஆகா, மூச்சும்மா! ரெண்டு மூச்சு!"

"என்ன சார் சொல்லுதீய?"

"சொல்லுதேன், அந்த டப்பாவக் குடுங்க." அவர் டப்பாவைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மூடியில் ஒரு கையால் தாளம் போட்டார். "இந்தச் சின்ன ரூம்ல ஒரு ஆளு மூச்சு விட்டா அழுத்தம் ஒரு பொட்டு ஏறும், ஒரு பொட்டு எறங்கும். ஏறி எறங்குதேன்னு பூட்டு பயந்துரக் கூடாதுல்ல? அதனால நிரல் மொதல்ல அந்தத் தாளத்தக் கண்டுபிடிச்சுக் கழிச்சுரும். மிச்சம்தான் உண்மையான அழுத்தம். சரியா?" இப்போது இன்னொரு கையாலும் வேறொரு வேகத்தில் தட்டினார். "ரெண்டு ஆளு வந்தா ரெண்டு தாளம். நான் ஒண்ணக் கழிக்கத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். ரெண்டாவது மிச்சமா நிக்குது. நிரல் என்ன நெனைக்கும்? எங்கயோ காத்து ஒழுகுதுன்னு நெனைக்கும். அதான் கதவத் தொறக்க மாட்டேங்குது. பதினோரு நிமிசம் பொறுத்துப் பாத்துட்டு, மூச்சுக்கெல்லாம் அசையாத பழைய இரும்பு அழுத்தமானியில அளந்து, பொழச்சுப் போங்கன்னு தொறந்து விடுது!"

"ரெண்டு ஆள வச்சுச் சோதிக்கவே இல்லையா நீங்க?"

"சோதிச்சேனே. ரெண்டு ஆள் பருமனுக்கு ரெண்டு மூட்ட உருளக்கெழங்கு வச்சு."

"கெழங்கு மூச்சு விடுமா?"

"விடும்மா. கெழங்குக்கும் மூச்சு உண்டு. ஆனா ரொம்பப் பைய விடும், தாளம் போடாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆளுக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க."

அவர் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

"எங்க, கொஞ்சம் மூச்ச இழுத்துப் பிடிங்க பாப்போம்."

அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். திரையில் கொசகொசப்பு அடங்கி ஒற்றைக் கோடு தெளிந்தது. விளக்கு பச்சையானது. பெருமூச்சு விட்டபடி கதவு திறந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருமே வெளியே போகவில்லை.

"இன்னொரு தடவ பாப்போமா?" என்றார் அவர். "ஒரு தடவ நடந்தா தற்செயல்னு சொல்லிருவாங்க."

மறுபடி மூடினார்கள். மறுபடி திறந்தது. பிறகு, பதினோரு நிமிடத்தையும் முழுசாக அளந்து பார்த்தால்தான் சோதனை முடியும் என்று அவர் சொன்னார். அதனால் கதவை மூடிக்கொண்டு டப்பாவைத் திறந்தார்கள். வடைகள் ஒவ்வொன்றாக எழும்பி மிதந்தன. ஞானதிரவியம் மிதந்து வந்த ஒன்றை வாயால் கவ்வினார்.

"நமத்துப் போச்சு சார். வேண்டாம்."

"எங்க இடத்துல நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், வாய் நிறைய வடையோடு. ஜெயக்கொடி சிரித்த சிரிப்பில் திரையில் கோடு எகிறிப் போயிற்று.

வடை எண்ணெயில் குமிழி எப்படி வருகிறது என்று அவர் கேட்டார். சுழலும் சட்டியைப் பற்றி அவள் சொன்னாள். அவர் நடுவில் மூன்று சந்தேகம் கேட்டார், மூன்றும் சரியான சந்தேகங்கள். கதவு திறந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் சங்கு ஊதிய பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரமே புதிய பதிப்பு வந்தது. எத்தனை மூச்சு இருந்தாலும் அத்தனையையும் கண்டுபிடித்துக் கழிக்கும் நிரல். நாற்பது ஊர்ப் பூட்டுகளும் பத்து நொடியில் திறந்தன.

செந்தேரியில் ஜெயக்கொடி கூடையோடு பூட்டுக்குள் நுழைந்தாள். கண்ணாடியை ஒட்டக் கையைத் தூக்கியவர் தூக்கியபடி நிற்க, கதவு திறந்துவிட்டது. சொரிமுத்து வடையைக் கடித்தார். 'கருக்' என்ற ஓசை வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"அடேயப்பா! இதுல்லா வட! பிதுக்குணவுக்காரன வர வேண்டாம்னு சொல்லிருங்கடே."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் திரும்பும்போது கூடை கனத்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், பாதிக் கூடை அப்படியே இருந்தது.

மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தாள். சுரங்கத்தில் எப்போதும் வாங்குகிற அளவு வாங்கத்தான் செய்தார்கள். அப்படியானால் இத்தனை நாள் மீதிப் பாதி எங்கே போயிற்று?

பூட்டில் போயிற்று. மூடிய சின்ன அறை, உள்ளே எட்டுப் பேர், ஒரு கூடை சுடுவடை. மணம் என்பது பண்டத்திலிருந்து கிளம்பும் துகள்தான், காற்று நகராத இடத்தில் அது போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவார். ஐந்தாவது நிமிடத்தில் முதல் கை நீளும். ஏழாவதில் சம்பந்தி வீட்டார் இருவரும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுத்துக்கொள்வார்கள். நல்ல மனசுக்காரர்கள், நமத்த வடையாக இருந்தாலும் வாங்குகிறார்களே என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் வேறு வழியில்லாதவர்கள்.

ஊரில் மற்றவர்கள் பாடும் சரியில்லை. முகம் மழிப்பவர் ஒரு கன்னத்தோடு வேலைக்குப் போனார். கல்யாணப் பேச்சு சீர்வரிசையைத் தொட்ட இடத்தில் அறுந்து நின்றது. ஆளுக்கொரு வேலை நேரம் உள்ள ஊரில் அந்த இரண்டு வீட்டாரும் சந்திக்க வேறு இடமே இல்லை. ஒருவேளை மூடிக்கொள்ளுமோ என்று இசக்கியம்மா கீழ் மூலையில் உதைத்துப் பார்த்தாள்.

மன்றில் நாற்பது ஊர்களிலிருந்தும் புகார்கள் குவிந்தன. "பூட்டு சரியில்லை. ஒன்றுக்கும் உதவாத நிரல்."

ஜெயக்கொடியும் மன்றில் ஏறினாள். "பூட்டு சரியில்" என்பது வரை விரல் தானாக அடித்துவிட்டது. டப்பா மூடியில் இரண்டு கையாலும் தாளம் போட்ட மனிதர் நினைவுக்கு வந்தார். அதை அழித்துவிட்டு எழுதினாள்.

"என்ன செய்தீர்கள்: பழுதைச் சரிசெய்யச் சொன்னேன். என்ன எதிர்பார்த்தீர்கள்: வியாபாரம் பெருகும் என்று. என்ன நடந்தது: பழுதுதான் என் வியாபாரம் என்று தெரிந்தது. பழையபடி ஆக்கித் தர முடியுமா? ஆனால் சுரங்கத்துக்குப் போகும்போது மட்டும் உடனே திறக்க வேண்டும்."

படித்துவிட்டு ஞானதிரவியம் எவ்வளவு நேரம் சிரித்தார் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. அடுத்த பதிப்பில் பூட்டுகளில் 'தங்கல்' என்று ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினால் கதவு பதினோரு நிமிடம் மூடியே இருக்கும். ஜெயக்கொடி முதலில் மொறுமொறு வடையைச் சுரங்கத்தில் சேர்த்துவிட்டு, மீதிக் கூடையோடு திரும்பி வந்து பூட்டுக்குள் உட்கார்ந்து தங்கலை அழுத்தினாள். கூடை காலியானது. கல்யாணம் நிச்சயமானது. ஒரு மணி நேரத்துக்குள் மன்றில் புகார் வந்தது: தங்கல் பத்து நொடி முன்னதாகவே திறந்துவிடுகிறது, ஒன்றுக்கும் உதவாத நிரல்.

அன்று வேலை முடிந்து, ஜெயக்கொடி மன்றின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனாள். ஒன்பது வருடத்துப் பேச்சு. கதவு நின்றதற்கு வசவு, கதவு திறந்ததற்கு வசவு, நடுவில் எங்கேயும் வேறு ஒன்றும் இல்லை. அவள் எழுதியதிலும் இல்லை. புதிய பதிவைத் திறந்து ஒரே வரி எழுதினாள்.

"பூட்டு நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றி திரவியம் சார்."

மன்றுக்கு வரும் பதிவுகளை முதலில் ஓர் இயந்திரம் படித்து, எந்த வகைப் பழுது என்று பிரித்துக் காப்பாளருக்கு அனுப்பும். மற்ற புகார்களைப் பிரிக்க அதற்கு ஒரு நொடி போதும். இதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் எழுத்துகள் வந்தன.

"இவ்வகைக் கோளாறு இதற்கு முன் பதிவானதில்லை. தற்செயலாக நிகழ்ந்திருக்கலாம். மறுபடியும் நிகழ்த்திக் காட்ட முடியுமா?"

ஜெயக்கொடி கடலைப்பருப்பை ஊறப் போட்டுவிட்டு வந்து பதில் அடித்தாள்.

"முடியும். அடுத்த ஓடத்தில் வருகிறேன். திரவியம் சார், உங்கள் பூட்டில் மட்டும் பழைய பதிப்பே இருக்கட்டும்."